மும்பை மழைக்காய்ச்சல்: ரிப்போர்ட்டிலும் தடுப்பூசிச் செய்தியிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மழை பிடித்துவிட்டால் தாராவி, சயான் கோலிவாடா, ஆண்டாப் ஹில் பக்கத்து லேப்களில் காலையிலேயே வரிசை நின்றுவிடும். நான் அந்தப் பக்கத்து லேப் ஒன்றில் ரத்தம் எடுக்கிறவன். இப்போது பெரும்பாலும் எடுக்கக் கற்றுக்கொடுக்கிறவன். டிஎம்எல்டி என்ற லேப் டெக்னீஷியன் படிப்பு முடித்து ஊரிலிருந்து வரும் பிள்ளைகள், புதிதாகக் கிளினிக் திறப்பவர்கள், ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து மாமாவுக்கு அனுப்பி அவர் சொல்லும் மாத்திரையை வாங்குகிற குடும்பங்கள் என்று ஒவ்வொரு சீசனிலும் ஆட்கள்தான் மாறுகிறார்கள். தவறுகள் நான் கற்றுக்கொண்ட காலத்தில் நாங்கள் செய்தவையேதான். கொசுவலை கட்டுவது, தண்ணீரைக் காய்ச்சுவது எல்லாம் மாநகராட்சிப் பலகையிலேயே இருக்கிறது. அதை விட்டுவிடுகிறேன்.

ஒற்றை விடால் ரிப்போர்ட்டை வைத்து "டைபாய்டு" என்று முடிவுகட்டுவது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் மூட்டுவது இதுதான்.

விடால் டெஸ்ட் 1896-ல் பாரிஸில் ஃபெர்னாண்ட் விடால் கொண்டுவந்தது. அது கிருமியைத் தேடுவதே இல்லை. டைபாய்டு கிருமியின் ஓ, ஹெச் என்ற இரண்டு பகுதிகளுக்கு எதிராக உடம்பு உருவாக்கும் எதிர்ப்புப் பொருளான ஆன்டிபாடி ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்கிறது, அவ்வளவுதான். ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரான சீரத்தில் உப்புநீர் கலந்து கலந்து நீர்க்க வைக்கிறோம். எந்த அளவு வரைக்கும் திரிதிரியாகத் திரள்கிறதோ அதுதான் 1:80, 1:160 என்று ரிப்போர்ட்டில் அச்சாகிற எண். அந்த ஆன்டிபாடி போன வருஷம் வந்துபோன டைபாய்டின் மிச்சமாக இருக்கலாம். டைபாய்டு கிருமிக்கு உறவான வேறு சால்மொனெல்லா கிருமியால் வந்திருக்கலாம். மலேரியாக் காய்ச்சலில்கூட ஏறும். மும்பையின் வரிசை வீடுகளான சாலில் பழைய வாடகைக்காரர் காலிசெய்து போன பிறகும் கதவில் அவர் பெயர்ப்பலகை தொங்கிக்கொண்டிருக்கும். விடால் படிப்பது அந்தப் பலகையைத்தான். உள்ளே யார் இருக்கிறார் என்பதை அல்ல.

உண்மையான டைபாய்டிலும் முதல் வாரத்தில் விடால் நெகடிவ் காட்டுவது சகஜம். ஒரு வார இடைவெளியில் இரண்டு முறை எடுத்து, எண் நான்கு மடங்கு ஏறியிருந்தால் அதற்கு ஒரு மரியாதை உண்டு. இரண்டாவது முறை யார் வருகிறார்கள்? அதற்குள் ஐந்து ஊசி ஏறியிருக்கும்.

தாராவியிலிருந்து சைக்கிளில் இட்லி கொண்டுபோய் விற்கிற அண்ணாச்சி ஒருவர், திருநெல்வேலிக்காரர். காய்ச்சல் வந்த இரண்டாம் நாளே ஏதோ ஒரு கிளினிக்கில் விடால் எடுத்திருக்கிறார்கள். ஓ 1:80. ரிப்போர்ட்டில் சிவப்பு மையில் பாசிட்டிவ். நம் ஊர்களில் ஆரோக்கியமாக நடமாடுகிறவர்களைப் பிடித்துப் பார்த்தாலும் பலருக்கு அந்த எண் இருக்கும். ஆனால் அன்றே டைபாய்டு என்று சொல்லி, தினம் ஒரு ஊசி, ஒரு சலைன். எங்களிடம் வந்தது பிளேட்லெட் என்ற ரத்தத் தட்டணுக்களை எண்ணிப் பார்க்க.

"டைபாய்டுதான்னு சொல்லிட்டாவ தம்பி. ஊசியும் முடிஞ்சிட்டு. ஆனா ஒருநாள் விட்டு ஒருநாள் கெடந்து நடுங்குதேன்."

ஒருநாள் விட்டு ஒருநாள் நடுக்கம் என்று நோயாளி தன் வாயாலேயே நோயின் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். கண்ணாடித் துண்டில் ரத்தம் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் மலேரியா ஸ்மியர் ஒன்று யாரும் போடவில்லை, ஏனென்றால் விடால் "வந்துவிட்டது". போட்டுப் பார்த்தால் வைவாக்ஸ் வகை மலேரியா. பிளேட்லெட்டும் இறங்கிக் கிடந்தது. ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்து, மறுபடி மாவு ஆட்டுவதற்குள் வாடிக்கை பாதி போய்விட்டது. மலேரியா ரத்தப் பரிசோதனையும் மாத்திரையும் மாநகராட்சி மையங்களில் இலவசம். அவர் செலவழித்தது முழுக்க, இல்லாத டைபாய்டுக்கு.

சரி, வேறு என்ன செய்வது? ரத்தக் கல்ச்சர், அதாவது ரத்தத்தைப் பாட்டிலில் விட்டுக் கிருமியை வளர்த்துப் பார்ப்பது. முதல் ஆன்டிபயாடிக் உள்ளே போகும் முன்பு. இந்த வரிசையைத்தான் புதியவர்கள் தலைகீழாகச் செய்கிறார்கள். மூன்று நாள் ஊசி போட்டுவிட்டு, காய்ச்சல் இறங்கவில்லையே என்று கல்ச்சருக்கு எழுதுகிறார்கள். பாட்டிலில் ஒன்றும் வளராது. அதைப் பார்த்து "கல்ச்சர் சும்மா காசுக்கு, விடால்தான் கரெக்ட்" என்று சொல்லும் ஆட்களை எனக்கு நேரில் தெரியும்.

கல்ச்சரும் சர்வ வல்லமை உள்ளதில்லை. டைபாய்டு இருக்கிறவர்களில் ஏறத்தாழ 100-க்கு 60 பேரைத்தான் அது பிடிக்கும். காரணம் எளிது: டைபாய்டில் ஒரு மில்லி ரத்தத்துக்கு ஒரு கிருமி இருந்தாலே பெரிது. அதனால்தான் பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி எடு என்று கத்துகிறேன். நோயாளி முகம் சுளிக்கிறார் என்று 3 மில்லியோடு ஊசியை உருவுகிற பையன்கள், அவருக்கு இரக்கம் காட்டியதாக நினைக்கிறார்கள். நெகடிவ் வந்தால் டைபாய்டு இல்லவே இல்லை என்று அர்த்தமில்லை. டாக்டர் நோயாளியைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். ஆனால் பாசிட்டிவ் வந்தால், எந்த மருந்துக்கு அந்தக் கிருமி சாகும் என்ற பட்டியலும் கூடவே வரும். ஒருகாலத்தில் டைபாய்டு என்றாலே சிப்ரோஃப்ளாக்சசின். இப்போது இந்தியக் கிருமிகளில் பெரும்பாலானவை அதற்கு மசிவதில்லை. பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் 2016-ல் தொடங்கிய டைபாய்டு செஃப்ட்ரியாக்சோன் ஊசிக்கும் அடங்கவில்லை. நாம் இல்லாத டைபாய்டுக்கெல்லாம் ஏற்றிக்கொண்டிருப்பதும் அதே ஊசிதான்.

ஆராய்ச்சி செய்கிறவர்கள் எதை நம்புகிறார்கள் என்று பாருங்கள். 2017 முதல் 2020 வரை டெல்லி, கொல்கத்தா, வேலூர், புனே பகுதிகளில் குழந்தைகளைத் தொடர்ந்து கண்காணித்த பெரிய ஆய்வின் முடிவு 2023-ல் வந்தது. நகரப் பகுதிகளில் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு வருஷத்துக்கு 576 முதல் 1173 வரை டைபாய்டு. புனே கிராமப்புறத்தில் 35. இந்த எண்ணிக்கைக்கு அடிப்படை கல்ச்சர். விடாலை வைத்து எண்ணியிருந்தால் அந்த 35 எங்கே போயிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

தடுப்பூசி தோற்றுவிட்டது என்று விடாலை வைத்துத் தீர்ப்பு சொல்வது

மேலே சொன்ன தவறின் பிள்ளை இது. செம்பூரிலிருந்து ஒரு அம்மா வந்து சண்டை போட்டார். "அண்ணா, ஊசி போட்டும் டைபாய்டு வந்திருக்கு, அப்புறம் எதுக்கு அவ்வளவு காசு?" பையனுக்கு விடால் 1:160. கல்ச்சரில் ஒன்றுமில்லை. டெங்கு வைரஸின் புரதத்தைத் தேடும் என்எஸ்1 டெஸ்ட் பாசிட்டிவ்.

டைபாய்டு கான்ஜுகேட் தடுப்பூசி உடம்பைப் பழக்குவது கிருமியின் மேலுறையான வி.ஐ. என்ற சர்க்கரைச் சங்கிலிக்கு எதிராக. விடால் பார்ப்பது ஓ, ஹெச். இரண்டும் வேறு வேறு கணக்கு. தடுப்பூசி வேலை செய்கிறதா என்பதை விடால் சொல்லவே முடியாது.

நேபாளத்தில் 2019-ல் வந்த இடைக்கால முடிவில் இந்த ஊசியின் பலன் 81.6 சதவீதம். மலாவியில் 80-க்குச் சற்று மேல், வங்கதேசத்தில் 85. மூன்றிலும் கல்ச்சரில் உறுதியானதை மட்டுமே டைபாய்டாக எண்ணினார்கள். 80 சதவீதம் என்றால் ஊசி போட்ட 100 பேரில் 20 பேருக்கு வரும் என்று வாசிப்பவர்கள் உண்டு. அப்படியல்ல. ஊசி போடாத கூட்டத்தில் 10 பேருக்கு வந்த காலத்தில், அதே அளவு ஊசி போட்ட கூட்டத்தில் 2 பேருக்கு வந்தது என்று அர்த்தம்.

டைபாய்டு போலவே காய்ச்சல் தரும் பாராடைபாய்டு ஏ கிருமிக்கு வி.ஐ. உறையே கிடையாது, ஆகவே இந்த ஊசி அதைத் தடுக்காது. இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஊசியை புனே சீரம் நிறுவனம் சோதித்து வருகிறது. முதல்கட்ட முடிவு 2024-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. கடைக்கு வரவில்லை.

வாஷி பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்களுக்கு ஒரு விஷயம்: அரசு அமைப்பு ஒன்று இந்த ஊசியைப் பொதுத் திட்டமாகக் குழந்தைகளுக்குப் போட்டது உலகத்திலேயே முதலில் நவி மும்பை மாநகராட்சிதான், 2018-ல். அங்கே வளர்ந்த பிள்ளை என்றால், மறுபடி காசு கொடுத்துப் போடும் முன் பழைய தடுப்பூசி அட்டையைத் தேடிப் பாருங்கள்.

டெங்குவில் பிளேட்லெட்டை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பது

"கவுண்ட் எவ்வளவு?" என்ற ஒரே கேள்வியோடு காலையும் மாலையும் வருகிறார்கள். ஆபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் விடும்போதுதான் தொடங்குகிறது, மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் நடுவே. ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்து ரத்தம் கெட்டியாகும். அதைக் காட்டுவது கவுண்ட் வருகிற அதே சிபிசி ரிப்போர்ட்டில் இருக்கும் ஹெமடோகிரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு. அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. காய்ச்சல் விட்டுவிட்டது என்று நிம்மதியாகும் அன்று கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், எழ முடியாத சோர்வு இருந்தால், கவுண்ட் ஒரு லட்சம் இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மறுபக்கம், கவுண்ட் 20,000-க்குக் கீழே போனாலும் ரத்தக்கசிவு இல்லாத பெரியவர்களுக்கு முன்னெச்சரிக்கையாகப் பிளேட்லெட் ஏற்றுவதால் கசிவு குறையவில்லை என்று சிங்கப்பூர், மலேசியாவில் நடந்த சோதனை 2017-லேயே காட்டியது. இருந்தும் நள்ளிரவில் டோனர் தேடி குரூப்பில் செய்தி பறக்கிறது.

என்எஸ்1 முதல் ஐந்து நாளுக்குள். டெங்கு ஆன்டிபாடியைத் தேடும் ஐஜிஎம் அதற்குப் பிறகு. இரண்டாம் நாள் ஐஜிஎம் எடுத்து நெகடிவ் என்று மகிழ வேண்டாம்.

பப்பாளி இலைச் சாறு

கவுண்ட் ஏறும் என்று வாந்தி எடுக்கிறவருக்கு அதைப் புகட்டாதீர்கள்.

உடம்புவலிக்கு புரூஃபன், ஆஸ்பிரின்

டெங்கு இல்லை என்று தெரியும் வரை கூடாது. பாராசிட்டமால் போதும்.

"டெங்குவுக்கு ஊசி வந்தாச்சாமே"

செய்தித் தலைப்பில் "வந்தது" என்றால் எந்தக் கட்டம் என்று பாருங்கள். டெங்கு வைரஸில் நான்கு வகை. ஒருவகைக்கு மட்டும் அரைகுறை எதிர்ப்பு இருந்து அடுத்த வகை தாக்கினால் நோய் இன்னும் கடுமையாகலாம். பிலிப்பைன்ஸில் 2016-ல் தொடங்கி எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு டெங்வாக்சியா என்ற டெங்கு ஊசி போட்டார்கள். முன்பு டெங்கு வராத குழந்தைகளுக்கு அந்த ஊசிக்குப் பிறகு வரும் டெங்கு கடுமையாக இருக்கக்கூடும் என்று 2017 நவம்பரில் தயாரித்த கம்பெனியே சொன்னது. திட்டம் நின்றது. அதன் பிறகு அங்கே தட்டம்மை ஊசிக்குக்கூடத் தாய்மார்கள் தயங்கினார்கள்.

ஆகவே இந்தச் சோதனைகள் மெதுவாக நடப்பதைக் குறையாகச் சொல்லாதீர்கள். இந்தியாவில் டெங்கிஆல் என்ற ஒற்றைத் தவணை ஊசியின் மூன்றாம் கட்டச் சோதனை 2024 ஆகஸ்டில் தொடங்கியது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்கள், இரண்டு வருஷம் கண்காணிப்பு. வெளிநாட்டில் க்யூடெங்கா என்ற இரண்டு தவணை ஊசிக்கு உலக சுகாதார நிறுவனம் 2024 மே மாதம் தகுதிச் சான்று கொடுத்தது. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் சொல்லி பெட்டியில் வாங்கிவரச் சொன்ன ஒருவரை எனக்குத் தெரியும். குளிர்ச்சி விட்டுப்போன ஊசியை எந்த டாக்டரும் போட மாட்டார்.

மலேரியா ஊசி கேட்டு வருவது

ஆர்21 என்ற மலேரியா ஊசி புனேயில்தான் தயாராகிறது, ஆனால் அது ஃபால்சிபாரம் வகை மலேரியாவுக்கு, முக்கியமாக ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்கு. வைவாக்ஸுக்கு உதவாது.

வெள்ளத்தில் நடந்துவிட்டுக் கால் கழுவினால் போதும் என்பது

2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் கொட்டியது. அந்த வெள்ளத்துக்குப் பிறகு லெப்டோஸ்பைரோசிஸ் நகரத்தை ஆட்டியது. எலி மூத்திரம் கலந்த தண்ணீர். காலில் புண்ணோடு முழங்கால் தண்ணீரில் நடந்திருந்தால் 72 மணி நேரத்துக்குள் டாக்டரைப் பார்த்து டாக்சிசைக்ளின் தேவையா என்று கேளுங்கள். கர்ப்பிணிகளுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் அந்த மாத்திரை கிடையாது, வேறு கொடுப்பார்கள். பிறகு காய்ச்சல் வந்தால், தண்ணீரில் நடந்ததை நீங்களாகவே சொல்லுங்கள். நெரிசலான ஓபிடியில் அதைக் கேட்க யாருக்கும் நேரம் இருக்காது.

கல்ச்சர் பாட்டிலை ஃப்ரிட்ஜில் வைப்பது

ரத்தம் போட்ட பிறகு வைக்கவே கூடாது. வெளியிலேயே வைத்து, அன்றே அனுப்புங்கள்.