ஒண்டும் விளங்காத நேரத்துல ஆண்டவர எப்பிடி நம்புற

2024 நவம்பர் கடைசில வந்த வெள்ளத்துல மட்டக்களப்புல எங்கட படுவான்கரை வயல் முழுக்கத் தண்ணிக்குள்ள போயிட்டு, எது வரம்பு எது வாய்க்கால் எண்டே தெரியல்ல. அந்த நேரம் பாத்து ஒராள் வீட்ட வந்து "எல்லாம் நன்மைக்குத்தான்" எண்டுட்டுப் போனார், எனக்கு அழுகைதான் வந்த. அதால நான் அதுல இருந்து தொடங்கல்ல.

முதல்ல ஆண்டவர்ட்ட முறைப்பாடு வைங்க. பாவமில்ல. பைபிள்ல 13ம் சங்கீதத்த எடுத்துப் பாருங்க, மொத்தமே ஆறு வசனம், முதல் ரெண்டுக்குள்ளயே "எதுவரைக்கும்" எண்டு நாலு தரம் கேட்டிருக்கு, அதே வாய்தான் கடைசி வசனத்துல பாடுவேன் எண்டு முடிக்கிது. கதவச் சாத்திட்டு உங்கட பேச்சிலயே கேளுங்க, கோயில்ல செபம் பண்ற மாதிரி அழகா வரோணும் எண்டில்ல.

மறுகா எரேமியா 29. அதுல, உங்களுக்கு நன்மைதான் நினைக்கிறன் எண்டு ஆண்டவர் சொல்ற 11ம் வசனத்த எல்லாரும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல போடுறம், அதுக்கு முந்தின வசனத்தயும் வாசிங்க, எழுபது வருசம் எண்டு கிடக்கு. பாபிலோனுக்குச் சிறையாக் கொண்டு போன சனத்துக்கு எழுதின கடிதம் அது, நாளைக்கே ஊருக்குப் போகலாம் எண்டு சொல்லல்ல, இருக்கிற இடத்துலயே வீட்டக் கட்டுங்க, தோட்டம் போடுங்க எண்டுதான் 5ம் வசனம் சொல்லுது. நம்பிக்கை எண்டா என்ன எண்டு எனக்கு அண்டைக்குத்தான் விளங்கின. தண்ணி வடிஞ்ச உடன வீட்டுக்குப் பின்னால ரெண்டு கீரைப் பாத்தி போட்டன், வயலப் பாக்கப் போக மனசு வரல்ல, கீரைக்குத் தண்ணி ஊத்த மட்டும் காலையில எழும்பினன், அது போதுமா இருந்திச்சி. நீங்களும் அப்பிடி ஒரு சின்ன வேலயப் புடிச்சிக்கோங்க.

ஆண்டவர் பாக்கிற தூரம் நமக்கு எட்டாது. வில்லியம் ஓல்ட் எண்ட மிசனரி 1814ல மட்டக்களப்புக்கு வந்தவர், வாற வழியில கப்பல்லயே மனிசி மோசம் போயிட்டா, இஞ்ச வந்து பள்ளிக்கூடம் தொடங்கி ஒரு வருசம் ஆகுறதுக்குள்ள, 1815 ஏப்ரல்ல அவரும் போயிட்டார். அவர் கண்ணுக்கு அது முடிஞ்ச கததான். ஆனா அவர் தொடங்கின அந்தப் பள்ளிக்கூடம்தான் மெதடிஸ்த மத்திய கல்லூரி, அது இருநூறு வருசம் தாண்டியும் நிக்கிது, எத்தின தலைமுறை படிச்சிட்டுது! அதுக்காக அந்த மனிசிட சாவு இதுக்காகத்தான் எண்டு நான் சொல்லவே மாட்டன், அத ஆண்டவர்தான் சொல்லோணும்.

அதால ஒரு கொப்பி வைங்க. திகதியப் போட்டு, என்ன நடந்த, என்ன கேட்டீங்க எண்டு அரைப் பக்கம் எழுதுங்க, மத்த அரைய வெறுமையா விடுங்க. அதுக்குள்ள நீங்களே காரணம் எழுதி நிரப்ப வேணாம். என்ட வெள்ளப் பக்கம் இன்னும் அப்பிடியேதான் கிடக்கு, ஆனா அதுக்கு முந்தின சில பக்கங்கள் வருசம் கழிச்சி நிரம்பிட்டு, அதப் பாத்துத்தான் இதையும் விட்டு வச்சிருக்கன்.

கிழமைக் கணக்கா நித்திர இல்ல, சாகோணும் போல கிடக்கு எண்டா செபத்தோட மட்டும் நிக்காதீங்க, டொக்டர்ட்டப் போங்க, இல்லாட்டி 1926க்கு எடுங்க, அது இலங்கை அரசாங்கத்துட மனநல உதவி நம்பர்.

மத்தவங்கட வீட்டுல கஷ்டம் எண்டா சோத்துப் பார்சலக் கொண்டு போய்க் குடுத்துட்டுப் பக்கத்துல இருங்க. அவங்க கேட்டா மட்டும் வசனம் சொல்லுங்க.