டிரெய்லரை இணைக்கும் முன் மின்சாரத்தைச் சோதியுங்கள்

முகாமிடத்தின் மின்பெட்டியில் டிரெய்லர் (வண்டியின் பின்னால் இழுத்துச் செல்லும் தங்கும் வீடு) கேபிளை நேரடியாகச் செருகாமல், முதலில் பிரேக்கரை ஆஃப் செய்து, குறைந்த வோல்டேஜிலும் தானாகத் துண்டிக்கும் வகை சர்ஜ் புரொடெக்டரை (திடீர் மின் எழுச்சியிலிருந்து காக்கும் கருவி) மட்டும் மாட்டி, ஆன் செய்து, அது என்ன காட்டுகிறது என்று பாருங்கள். சரியாக இருந்தால் மறுபடி ஆஃப் செய்துவிட்டு டிரெய்லரை இணைத்து, அப்புறம் ஆன் செய்யலாம்.

அமெரிக்கா போன்ற நாடுகளின் 120 வோல்ட் அமைப்பில் வோல்டேஜ் மிகவும் இறங்கினால் ஏசி கம்ப்ரசர் அதிக கரண்ட் இழுத்துச் சூடாகிக் கெடும். இரண்டு 120 வோல்ட் லைன்கள் வரும் 50 ஆம்ப் இணைப்பில் நியூட்ரல் வயர் (மின்சாரம் திரும்பிச் செல்லும் கம்பி) துண்டிக்கப்பட்டிருந்தால் 120 வோல்ட் சாதனங்களுக்கு 240க்கு அருகில்கூடப் போய்விடும், இதுதான் மிக ஆபத்தானது. இரண்டும் டிரெய்லரை இணைக்கும் முன்பே தெரிந்துவிடும், ஆனால் பக்கத்து வண்டிகள் ஏசி போட்டபின் வோல்டேஜ் இறங்கலாம் என்பதால் புரொடெக்டரைக் கழற்றாமல் அப்படியே விடுங்கள்.

வெறும் சர்ஜ் மட்டும் தடுக்கும் மலிவான வகைக்கு இந்தச் சோதனை பொருந்தாது. முதலில் சொன்ன புரொடெக்டரைச் சிறிய ஜெனரேட்டரில் மாட்டினால், பழுதே இல்லாதபோதும் எர்த் பிழை காட்டலாம்.