ஐடில்வைல்டில் கூடாரம் போட

தென் கலிபோர்னியாவின் சான் ஹசின்டோ மலையில், சுமார் 5,400 அடி உயரத்தில் உள்ள சிற்றூர் ஐடில்வைல்ட். ஊரை ஒட்டிய மாநிலப் பூங்கா முகாமுக்கு முன்பதிவு செய்துகொள்ளுங்கள். மேலே காட்டுக்குள் தங்குவதற்குத் தனி அனுமதிச்சீட்டு வேண்டும். அங்கே விறகுத் தீ கூடாது.

இடம் தேடும்போது முதலில் அண்ணாந்து பாருங்கள். வண்டு அரித்துப் பட்டுப்போன பைன் மரங்கள் இங்கே உண்டு. காற்றடித்தால் கிளை முறிந்து விழும், அதனடியில் படுக்கவே வேண்டாம். கூடாரக் கயிறு கட்டும் முளைகளின் தலை கூடாரத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். நேராக அடித்தால் கயிறு இழுக்கும்போது பிடுங்கிக்கொள்ளும்.

கோடையிலும் இரவு குளிரும். குளிர் தரையிலிருந்துதான் அதிகம் ஏறும், அதனால் போர்வையைவிடக் கீழே விரிக்கும் பாய்க்குச் செலவழிப்பது மேல். காற்றுத் திறப்புகளை மூடாதீர்கள். மூடினால் மூச்சின் ஈரம் துணியில் படிந்து விடியலில் சொட்டும்.

பியூட்டேன் வாயு மட்டும் உள்ள அடுப்புச் சிலிண்டர் 0 டிகிரி செல்சியஸை நெருங்கும்போதே திணறும். புரொப்பேன் கலந்ததை வாங்குங்கள். ஓடைத் தண்ணீரைக் கொதி வந்தபின் 1 நிமிடமும், 6,500 அடிக்கு மேல் 3 நிமிடமும் கொதிக்கவிடுங்கள். கூடாரத்துக்குள் மட்டும் அடுப்பைப் பற்றவைக்காதீர்கள், கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும்.