ரமோன்ஸோட முதல் ஆல்பத்த எப்படி கேக்கணும், அத வச்சு எப்படி வாசிக்கப் பழகணும்

பாளையங்கோட்டை பக்கம் கிட்டார் வச்சிருக்க பசங்க நெறைய பேரு சர்ச் கொயர்ல கத்துக்கிட்டவங்கதான், கார்டு எல்லாம் சுத்தமா விழும், ஆனா ராக்குன்னு சொன்னா ஒடனே பெரிய சோலோ வாசிக்கணுமேன்னு பயந்துருதாங்க. அவங்களுக்குத்தான் இத சொல்லுதேன், ரமோன்ஸ்ங்கிற அமெரிக்க பங்க் ராக் பேண்டுல இருந்து ஆரம்பிங்க.

மொதல்ல கேக்கணும். 14 பாட்டு, மொத்தமே 29 நிமிசம் போல, ஜங்ஷன்ல திருச்செந்தூர் பஸ் ஏறுனா ஸ்ரீவைகுண்டம் வாரதுக்குள்ள முடிஞ்சுரும், ஆனா பஸ்ல கேக்காதீங்க, ஆரன் சத்தத்துல பாதி போயிரும். ராத்திரி மொட்ட மாடியில உக்காந்து ஹெட்செட்ட ரெண்டு காதுலயும் மாட்டி ஒரே மூச்சுல கேளுங்க. ஏன் ஹெட்செட்டுன்னா, ஸ்டீரியோ மிக்ஸ்ல ஒரு காதுல பேஸ் கிட்டார், இன்னொரு காதுல கிட்டார், டிரம்ஸும் ஜோயி பாடுததும் நடுவுல, அப்படி பிரிச்சே வச்சிருக்காங்க. 40வது வருச எடிஷன்ல ரெண்டு காதுலயும் ஒரே சத்தம் வார மோனோ மிக்ஸும் உண்டு, பழகுததுக்கு அது ஆகாது.

நாலு பேரும் நியூயார்க் குயின்ஸ் பசங்க, பேருக்குப் பின்னால எல்லாருக்கும் ரமோன்னு இருக்கும், ஆனா அண்ணன் தம்பி கெடையாது. 1976 பிப்ரவரில ரெக்கார்டிங், செலவு 6,400 டாலர் கிட்டதான், ஏப்ரல்ல ரிலீஸ். அமெரிக்க பில்போர்டு ஆல்பம் பட்டியல்ல 111வது எடத்துக்கு மேல ஏறல, வித்த கணக்குக்கு குடுக்குத கோல்டு சர்டிபிகேட் அங்க கெடைக்க 2014 ஆயிட்டு! ஆனா 1976 ஜூலை 4 லண்டன் ரவுண்ட்ஹவுஸ் அரங்குல வாசிச்சாங்க பாருங்க, அடுத்த வருசமே டேம்ன்டு, க்ளாஷ், செக்ஸ் பிஸ்டல்ஸ்னு அங்கத்த பங்க் பேண்டுகளோட முதல் ஆல்பம் வரிசையா வந்துட்டு. நீட்டி நீட்டி சோலோ வாசிச்சாத்தான் ராக்குன்னு இருந்த நேரத்துல, ரெண்டு நிமிசப் பாட்டு போதும், நீயும் மேடை ஏறலாம்னு காட்டுனது இந்த ஆல்பந்தான், எனக்கு அதுக்கு மேல ஒரு ஆல்பம் இல்ல.

இப்ப வாசிக்க. முதல் பாட்டு பிளிட்ஸ்க்ரீக் பாப் எடுங்க, ஏ, டி, இ மூணு கார்டு தெரிஞ்சா முக்கால்வாசி ஓடிரும், மூணையும் பார் கார்டா, அதாவது ஒரு வெரல படுக்க வச்சு கம்பிகள மொத்தமா அமுக்கிப் புடிங்க. கஷ்டமே வலது கைலதான். அவங்க கிட்டாரிஸ்ட் ஜானி ரமோன் மேல இருந்து கீழ மட்டுந்தான் அடிப்பாரு, அந்த ஸ்பீடுல பாட்டு பூரா டவுன்ஸ்ட்ரோக், மேல இழுத்து ஈசியாக்கிராதீங்க, அந்த இரைச்சலே வராது. தோள்பட்டைய இறுக்காம மணிக்கட்ட மட்டும் ஆட்டுங்க, தாளம் தட்டுத மெட்ரோனோம் ஆப்ல நிமிசத்துக்கு 100 தட்டுல ஆரம்பிச்சு தெனம் கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க, கை எரிஞ்சா அன்னைக்கு நிறுத்திரணும்.

ஸ்பீடு வந்த பொறவு போன் செட்டிங்ஸ்ல ஆடியோ பேலன்ஸ்னு இருக்கும், அத கிட்டார் இல்லாத பக்கமா முழுசா தள்ளிருங்க. இப்ப பேஸும் டிரம்ஸும் பாட்டும் மட்டும் ஓடும், ஜானி எடத்துல நீங்க வாசிங்க. பேஸ் பழகுத கூட்டாளி இருந்தா அவனுக்கு அப்படியே எதிர்ப்பக்கம் தள்ளிக் குடுங்க.