ஸ்பெயினில் கடற்கரை ஊர் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எல்லோரும் முதலில் கேட்பது "எந்த ஊர் அழகு?" என்பதுதான். கோடை விடுமுறைக்கு ஸ்பெயின் போகலாம் என்று வீட்டில் முடிவானதும் போனில் படம் படமாகத் தள்ளிப் பார்க்கிறோம். வெள்ளை வீடுகள், நீலத் தண்ணீர், ஓரத்தில் ஒரு படகு. பத்து ஊர்களின் படங்களை வரிசையாக வைத்தால் எது எந்த ஊர் என்றே சொல்ல முடியாது. அந்தத் தண்ணீரில் இறங்கினால் எவ்வளவு குளிரும், மாலையில் காற்று எப்படி அடிக்கும், தங்கும் வீட்டிலிருந்து மணலுக்கு எத்தனை படி இறங்க வேண்டும் என்பதெல்லாம் படத்தில் வராது. விடுமுறை நன்றாக அமைவதும் கெடுவதும் பெரும்பாலும் இவற்றால்தான்.

எல்லாம் ஒரே கடல் என்று நினைப்பது

நான் பார்த்தவரை அதிகம் பேர் ஏமாறுவது இதில்தான். ஸ்பெயினின் கிழக்கிலும் தென்கிழக்கிலும் இருப்பது மத்தியதரைக் கடல். வடக்கிலும் வடமேற்கிலும், தெற்கே ஜிப்ரால்டருக்கு மேற்கிலும் இருப்பது அட்லாண்டிக். ஆகஸ்டில் அலிகாந்தே, வலென்சியா பக்கம் தண்ணீர் 26 டிகிரி வரை இருக்கும். குழந்தைகளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத்தான் வெளியே எடுக்க வேண்டும். அதே மாதத்தில் வடமேற்கு மூலையில், கலீசியாவின் திறந்த கடலோரத்தில், 17, 18 டிகிரிதான். அங்கே கோடையில் வடக்கிலிருந்து வீசும் காற்று மேல்தண்ணீரைக் கரையிலிருந்து தள்ளிக்கொண்டு போய்விடுகிறது. ஆழத்தில் கிடக்கும் குளிர்ந்த தண்ணீர் அந்த இடத்துக்கு ஏறி வருகிறது. வீகோ நகரத்துக்கு எதிரே இருக்கும் சியெஸ் தீவுகளின் படத்தைப் பார்த்தால் வெப்பமண்டலத் தீவு என்றே தோன்றும். முழங்கால் வரை இறங்கிப் பாருங்கள், கால் மரத்துப்போகும். பார்க்க வேண்டிய இடம்தான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் நீந்துவதற்காக அங்கே போகாதீர்கள். ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று வரம்பும் உண்டு: கோடையில் முதலில் அனுமதி, அப்புறம்தான் படகுச் சீட்டு.

தெற்கே போகப் போகத் தண்ணீர் சூடாகும் என்று நினைப்பதும் தவறு. மாலகாவும் அதைச் சுற்றியுள்ள ஊர்களும் நல்ல வெயில் அடிக்கும் இடங்கள். ஆனால் ஜிப்ரால்டர் ஜலசந்தி வழியாக அட்லாண்டிக் தண்ணீர் அந்தப் பக்கம் வந்துகொண்டே இருப்பதால், வலென்சியாவைவிடக் கடல் மூன்று நான்கு டிகிரி குறைவாகத்தான் இருக்கும். மேற்குக் காற்று இரண்டு நாள் சேர்ந்தாற்போல அடித்தால் இன்னும் இறங்கும். மணலும் பல இடங்களில் சாம்பல் நிறம்.

வடக்கே சான் செபாஸ்தியானில் ஆகஸ்டுத் தண்ணீர் 22 டிகிரி வரும். ஊரும் அருமை, சாப்பாடும் அருமை. ஆனால் ஜூலையிலும் மழை பெய்யும். அங்கே கடல் தினமும் ஏறி இறங்குவதையும் கணக்கில் எடுக்க வேண்டும். மத்தியதரைக் கடலில் ஓதம் கண்ணுக்கே தெரியாது. வடக்குக் கரையில் சில நாட்கள் 4 மீட்டர் வரை வித்தியாசம் இருக்கும். காலையில் துண்டு விரித்த இடத்தில் மதியம் தண்ணீர் நிற்கும். ரிபாதேயோ பக்கத்தில் இருக்கும் கதீட்ரல் கடற்கரையில், தேவாலய வளைவுகள் மாதிரி நிற்கும் பாறைகளுக்கு அடியில் நடக்க வேண்டுமென்றால் தண்ணீர் வடிந்திருக்கும் நேரத்தில்தான் முடியும். கோடையில் அதற்கு முன்பதிவும் வேண்டும்.

காற்றைப் பற்றிக் கேட்காமல் விடுவது

ஒருமுறை ஜூலையில் தாரிஃபாவுக்குப் போனோம். ஐரோப்பிய நிலப்பரப்பின் தெற்கு முனை அது. எதிரே 14 கிலோமீட்டரில் மொராக்கோவின் மலைகள் தெரியும். அகலமான மணல், சுத்தமான தண்ணீர். படத்தில் பார்த்தது அத்தனையும் உண்மை. போன மறுநாள் லெவாந்தே தொடங்கியது. கிழக்கிலிருந்து வரும் காற்று அது. இரண்டு மலைகளுக்கு நடுவே இருக்கும் ஜலசந்தியில் நெருக்கிப் புகுந்து வேகம் பிடிக்கிறது. மணல் கணுக்காலில் ஊசியாகக் குத்தியது. குடையை ஊன்ற முடியவில்லை. பொட்டலத்தைப் பிரித்து மகள் கையில் ரொட்டியைக் கொடுப்பதற்குள் அதன் மேல் மணல் படர்ந்துவிட்டது. அம்மா நான்கு நாளும் ஜன்னல் பலகையைச் சாத்திக்கொண்டு அறையிலேயே இருந்தார். ராத்திரி முழுக்க அந்தப் பலகை தடதடத்துக்கொண்டே இருந்தது. கடலிலோ பட்டம் கட்டிச் சறுக்குகிறவர்கள் நூற்றுக்கணக்கில், அத்தனை சந்தோஷமாக. அந்தக் காற்றுக்காகவே உலகம் முழுவதிலிருந்தும் வருகிறவர்கள் அவர்கள். ஊர் மேல் தப்பே இல்லை, எங்களுக்கு ஏற்ற ஊர் இல்லை, அவ்வளவுதான்.

கடலோரத்தில் எந்த ஊரைக் கேட்டாலும் அங்கே வீசும் காற்றுக்கு ஒரு பெயர் இருக்கும். வடகிழக்கு மூலையில் இருக்கும் கடகேஸ் பக்கம் திரமுந்தானா, வடக்கிலிருந்து வருவது. மாலகாவில் தெர்ரால்: மலையைத் தாண்டி உள்நாட்டிலிருந்து இறங்கும் உலைக்காற்று. அது வீசும் நாளில் வெயில் 40 டிகிரியைத் தொடும். ஊர்ப் பெயரோடு காற்றின் பெயரையும் சேர்த்துத் தேடிப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

ஊர்ப் பெயரை மட்டும் பார்த்து அறை போடுவது

இதில் நுணுக்கம் நிறைய இருக்கிறது. ஸ்பெயினின் பழைய கடலோர ஊர்கள் பல, கடலை ஒட்டி இருப்பதில்லை. கடற்கொள்ளைக்காரர்களுக்குப் பயந்து மேட்டிலோ கொஞ்சம் உள்ளேயோ கட்டப்பட்டவை. கடற்கரைப் பகுதி பின்னால் வளர்ந்தது. மொஹாகாரில் வெள்ளை வீடுகள் இருப்பது மலைமேல். மணல் இருப்பது இரண்டு கிலோமீட்டர் கீழே. இரண்டுக்கும் பெயர் மொஹாகார்தான். ஹாவெயாவுக்கு மூன்று பகுதிகள்: உள்ளே பழைய ஊர், அப்புறம் துறைமுகம், அப்புறம் அரெனால் என்ற கடற்கரை. நல்ல மணல் உள்ளது அரெனாலில் மட்டும். காந்தியா நகரத்துக்கும் அதன் கடற்கரைக்கும் நடுவே நான்கு கிலோமீட்டர். "ஊர் மையத்தில் அறை" என்று விலை குறைவாகக் கிடைத்ததும் எடுத்துவிட்டால், தினமும் இரண்டு வேளை குழந்தை, குடை, தண்ணீர்ப் புட்டியோடு பேருந்துக்குக் காத்திருக்க வேண்டும்.

ஒரே பெயரில் இரண்டு ஊர்கள் இருப்பதும் உண்டு. பார்சலோனாவிலிருந்து ரயிலில் நேராகப் போய் இறங்கக்கூடிய கலேயா வேறு. அதற்கு வடக்கே வெகு தூரத்தில், ரயிலே போகாத கலேயா தெ பலாஃப்ருஜெல் வேறு. முதலாவது நீண்ட மணல்வெளியும் ஹோட்டல் வரிசையும். இரண்டாவது பாறைகளுக்கு நடுவே சின்ன மீனவர் ஊர். ஒரே ஊருக்கு இரண்டு பெயர்கள் இருப்பதும் சகஜம். ஹாவெயாவுக்கு உள்ளூர் மொழியில் ஷாபியா என்று பெயர். சான் செபாஸ்தியான் பாஸ்க் மொழியில் தொனோஸ்தியா. நிலையப் பலகையைப் பார்த்துப் பதற வேண்டாம்.

இரண்டு சொற்களைத் தெரிந்துகொண்டால் போதும், பாதிக் குழப்பம் தீரும். பிலாயா என்றால் கடற்கரை. காலா என்றால் பாறைக்குள் ஒடுங்கிய சின்னக் குடா. அங்கே பெரும்பாலும் கூழாங்கல், இறங்கப் படிக்கட்டு, நிழல் குறைவு. மீன் பார்த்து நீந்துகிறவர்களுக்குச் சொர்க்கம். இரண்டு வயதுக் குழந்தைக்கு வேண்டாம்.

வாடகை விளம்பரத்தில் "கடலின் முதல் வரிசை" என்று இருந்தால் முன்னால் வேறு கட்டடம் இல்லை என்று அர்த்தம். "கடல் தெரியும்" என்று மட்டும் இருந்தால் மலை உச்சியாகவும் இருக்கலாம். வரைபடத்தில் வீட்டையும் மணலையும் வைத்து நடக்கும் பாதையைப் பாருங்கள், மேடு பள்ளத்தோடு.

பெனிடோர்மைப் பெயரைக் கேட்டதும் ஒதுக்குவது

"அடுக்குமாடிக் காடு, வேண்டவே வேண்டாம்" என்பார்கள். வயதான பெற்றோரோடு போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது அந்த ஊரைத்தான். இரண்டு பெரிய மணல் கடற்கரைகள், மட்டமான நடைபாதை, மாடிக்கு மாடி லிஃப்ட், பக்கத்திலேயே மருந்துக்கடை. அலிகாந்தேயிலிருந்து டிராம் வருகிறது. கட்டடங்கள் உயரமாக, நெருக்கமாக இருப்பதால் எல்லாமே நடந்துபோகும் தூரத்தில் அடங்கிவிடுகிறது. லெவாந்தே கடற்கரைக்குப் பின்னால் மதுக்கடைத் தெருக்களில் விடிய விடியச் சத்தம் இருக்கும். இன்னொரு கடற்கரையான போனியெந்தே பக்கம் அறை எடுத்தால் தூங்கலாம்.

இதற்கு எதிர்ப்பக்கம் கடகேஸ். ஓவியர் சல்வடோர் டாலியின் வீடு பக்கத்துப் போர்த்லிகாத்தில் இருக்கிறது. அவ்வளவு அழகான ஊர். ஆனால் ரயில் இல்லை, மலையைச் சுற்றிச் சுற்றி ஏறி இறங்கும் சாலை ஒன்றுதான், கரையெல்லாம் கல். முழங்கால் வலி உள்ளவரை அங்கே ஒரு வாரம் வைக்காதீர்கள். இரண்டு நாள் போதும்.

கார் ஓட்டாதவர்கள் ரயில் பாதையைப் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுப்பது நல்லது. மாலகா விமான நிலையத்திலிருந்து தொர்ரெமொலினோஸ், ஃபுவென்ஹிரோலாவுக்கு உள்ளூர் ரயில் உண்டு. மார்பெயாவுக்கும் நெர்ஹாவுக்கும் இல்லை.

பழைய கட்டுரையை நம்புவது

மூர்சியாவில் மார் மெனோர் என்று ஒரு உப்பு ஏரி, கடலிலிருந்து மணல் திட்டால் பிரிந்தது. ஆழமில்லாத, வெதுவெதுப்பான தண்ணீர் என்பதால் குழந்தைகளுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை என்று வருஷக்கணக்கில் எழுதினார்கள். சுற்றியுள்ள வயல்களின் உரம் ஏரியில் கலந்து, பாசி பெருகி, தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்தது. 2019 அக்டோபரில் மீன்கள் கூட்டங்கூட்டமாகச் செத்துக் கரை ஒதுங்கின. 2021 ஆகஸ்டில் மறுபடியும். அந்த ஊர் மக்கள் போராடிக் கையெழுத்துத் திரட்டியதில், 2022-இல் ஏரிக்கே சட்டப்படி ஒரு நபருக்கான உரிமை கிடைத்தது. எனக்கு அந்த ஏரி மீண்டு வர வேண்டும் என்ற ஆசை உண்டு. ஆனால் போகிறவர்கள் அந்தக் கோடையின் நிலவரத்தைப் பார்த்துவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும்.

ஆகஸ்டையே பிடித்துக்கொண்டிருப்பது

ஆகஸ்டில் ஸ்பெயின் மக்களும் மொத்தமாகக் கடலுக்கு வந்துவிடுவார்கள். 15-ஆம் தேதி தேசிய விடுமுறை; அந்த வாரம்தான் உச்சம். பள்ளி பற்றிய கவலை இல்லாதவர்கள் செப்டம்பர் முதல் பாதியில் போகலாம். கோடை முழுக்கச் சூடேறிய தண்ணீர் ஜூனைவிட வெதுவெதுப்பாக இருக்கும், வாடகையும் இறங்கியிருக்கும். மாதக் கடைசியில் கிழக்குக் கரையில் பெருமழை வரலாம். இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்கள் ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கோடைப் பயணத்துக்கு விண்ணப்பம் கொடுக்க நேரம் கிடைப்பது கடினம் என்பதால், ரத்து செய்யக்கூடிய அறையாகப் போட்டுவிட்டு உடனே தொடங்குங்கள்.

அப்புறம் சாப்பாட்டு நேரம். சின்ன ஊர்களில் மதியச் சமையல் ஒன்றரைக்குத் தொடங்கி நான்குக்குள் முடிந்துவிடும். ராத்திரி எட்டரைக்கு முன்னால் அடுப்பு பற்றாது. கடைகளும் மதியம் இரண்டிலிருந்து ஐந்து வரை மூடியிருக்கும். ஆறு மணிக்குக் குழந்தைக்குப் பசித்தால் என்ன செய்வது? சமையலறை உள்ள வீடாக எடுங்கள், ஒரு கிலோ அரிசி வாங்கி வையுங்கள். இல்லையென்றால் மணலிலேயே சிரிங்கீட்டோ என்ற உணவுக்கடை இருக்கும் கடற்கரையாகப் பாருங்கள். மாலகா பக்கம் அந்தக் கடைகளில் பழைய படகு ஒன்றில் மணலைக் கொட்டி, அதில் விறகு எரித்து, குச்சியில் கோத்த மத்தி மீனைச் சாய்வாக நட்டுச் சுடுகிறார்கள். உப்பு மட்டும்தான், வேறு எதுவும் சேர்ப்பதில்லை. அம்மா அங்கே ஆறு மீன் சாப்பிட்டார்.