மென்னழுகல் பாக்டீரியாவின் நொதியைத் தட்டில் பார்ப்பது எப்படி?

உருளைக்கிழங்கை அழுக வைத்துக் கூழாக்கும் பெக்டோபாக்டீரியம் என்ற பாக்டீரியா வகைகளுக்குப் பல்லும் கிடையாது, நகமும் கிடையாது. தாவரச் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டினைக் கரைக்கும் நொதிகளை வெளியே கக்கியே வேலையை முடித்துவிடுகின்றன. அதை ஆய்வகத்தில் கண்ணால் பார்க்கலாம், வாருங்கள்.

முதலில் கிழங்குச் சோதனை. கிழங்கைக் கழுவி, ஆல்கஹாலால் துடைத்து, ஒரு சென்டிமீட்டர் தடிமனில் வெட்டுங்கள். ஈரமான வடிதாள் விரித்த பெட்ரி தட்டில் வையுங்கள். நடுவில் சிறு குழி தோண்டி, பாக்டீரியா வளர்ப்பில் ஒரு சொட்டு விடுங்கள். இன்னொரு துண்டில் வெறும் நுண்ணுயிர் நீக்கிய நீர். 28 டிகிரியில் ஒரு நாள் கழித்துக் குச்சியால் தொட்டால் வித்தியாசம் தெரியும்.

அடுத்து நொதியைத் தனியே எடுப்போம். வளர்ப்பு ஊடகத்தில் பெக்டினின் முக்கியப் பகுதியான பாலிகேலக்டுரோனிக் அமிலத்தை 0.5% சேர்த்து, குலுக்கி இரவு முழுக்க வளர்க்க வேண்டும். பெக்டின் உடைந்த துணுக்குகள்தான் நொதி உற்பத்தியைத் தூண்டிவிடுகின்றன. அதோடு இந்தப் பாக்டீரியாக்கள் கூட்டம் சேரும்வரை அடக்கி வாசிக்கும். ஒன்றுக்கொன்று அனுப்பும் வேதிச் சைகை போதிய அளவு சேர்ந்த பிறகே நொதி கொட்டும். இது தெரியாமல் நான் முதல்முறை நான்கு மணி நேரத்திலேயே எடுத்துவிட்டு, தட்டில் ஒன்றுமே இல்லையே என்று அதிலிருந்த அகார் ஜெல்லியைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

சரி, வளர்ப்பைச் சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி, செல்கள் அடியில் படிந்த பின் மேலே நிற்கும் நீரை (மேல்நீர்) 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்துக்கொள்ளுங்கள். அதே அமிலம் கலந்த அகார் தட்டை pH 8.5-இல், துளி கால்சியம் குளோரைடுடன் தயாரித்து, குழிகள் வெட்டி 30 மைக்ரோலிட்டர் விடுங்கள். பக்கத்துக் குழியில், நொதி செயலிழக்கும்படி கொதிக்கவைத்து ஆறவிட்ட மேல்நீர். இந்த ஒப்பீடு இல்லாவிட்டால் எந்த வளையத்தையும் நம்ப முடியாது. இரவு முழுக்க 28 டிகிரியில் வைத்து, கையுறை அணிந்து 1% சீட்டாப் (CTAB என்ற சோப்பு போன்ற வேதிப்பொருள்) கரைசலை ஊற்றுங்கள். சிதையாத அமிலம் வெள்ளையாகப் படியும். நொதி தின்ற இடம் தெளிந்த வளையமாக நிற்கும்.

pH 8.5-இல் வளையம் வந்தால் அந்த நொதி பெரும்பாலும் பெக்டேட் லையேஸ். அதற்குக் கால்சியம் தேவை. ஆகவே கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் ஈடிடிஏ (EDTA) சேர்த்த தட்டில் வளையம் மறைந்தால் சந்தேகம் தீர்ந்தது. பெக்டினை உடைக்கும் இன்னொரு நொதியான பாலிகேலக்டுரோனேஸுக்குப் பிடித்தது அமிலச் சூழல். அதற்கு pH 5.5-இல் தனித் தட்டு போடுங்கள்.

அப்புறம், அழுகிய துண்டுகளை அப்படியே குப்பையில் போடாதீர்கள். 121 டிகிரி ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவிக் கலன்) 20 நிமிடம் வைத்த பிறகே வெளியேற்றுங்கள்.