பரோல் கண்காணிப்பு: பலனையும் மிச்சத்தையும் கணக்கிடும்போது செய்யும் தவறுகள்

நம் ஊரில் பரோல் என்றால், மகள் கல்யாணத்துக்கோ அம்மாவின் சாவுக்கோ கைதி சில நாள் வெளியே வந்துவிட்டுத் திரும்புவது. அமெரிக்காவில் வேறு. தண்டனையின் மிச்சக் காலத்தை ஓர் அதிகாரியின் கண்காணிப்பில் வெளியிலேயே கழிப்பதுதான் அங்கே பரோல். பெரும்பாலும் சிறைக்குப் போகாமலே, நீதிமன்றம் போடும் நிபந்தனைகளோடு வெளியில் இருப்பது புரொபேஷன்; நாம் நன்னடத்தைக் கண்காணிப்பு என்கிறோம். 2021 முடிவில் இரண்டிலும் சேர்த்து அங்கே சுமார் 37 லட்சம் பேர். இவர்களுக்கென்று எந்தத் திட்டம் வந்தாலும் இரண்டு கேள்விகள் கூடவே வரும்: பலன் இருந்ததா, பணம் மிச்சமானதா? இதில் கணக்கு பிசகினால் அடி விழுவது கண்காணிப்பில் இருக்கும் மனிதருக்குத்தான்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, ‘மீண்டும் சிறைக்குப் போனார்’ என்பதை ஒரே எண்ணாக எழுதுவது. கிடங்கு ஒன்றில் இரவு ஷிப்ட் பார்க்கும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். செவ்வாய் காலை 9 மணிக்கு அதிகாரியைப் பார்க்க வேண்டும். ஷிப்ட் நீண்டுவிட்டது, பஸ் போய்விட்டது, 9:40க்கு மூச்சிரைக்கப் போய் நிற்கிறார். அடுத்த மாதமும் இதே கதை. மூன்றாவது முறை அவர் பெயரில் பிடியாணை. திருடவில்லை, யாரையும் அடிக்கவில்லை. ஆனால் துறையின் அட்டவணையில், வீடு புகுந்து கொள்ளையடித்தவருக்கு விழும் அதே குறிதான் இவருக்கும். மாநில அரசுகளின் கவுன்சில் நடத்தும் நீதி மையம் 2019ல் கணக்கெடுத்தபோது, மாநிலச் சிறைகளுக்கு வருகிறவர்களில் 45 சதவீதம் பேர் கண்காணிப்பு நிபந்தனையை மீறியதால் வந்தவர்கள் என்று தெரிந்தது. மொத்த வரவில் கால்வாசிப் பேர், புதுக் குற்றம் எதுவும் இல்லாமல் வெறும் விதிமீறலுக்காக உள்ளே போனவர்கள்.

அப்படியென்றால் அந்த எண் மனிதரின் நடத்தையை மட்டும் காட்டவில்லை, துறையின் கெடுபிடியையும் சேர்த்தே காட்டுகிறது. ராண்ட் ஆய்வு நிறுவனம் 9 மாநிலங்களில் 14 இடங்களில் தீவிரக் கண்காணிப்புத் திட்டங்களை ஆராய்ந்து 1993ல் சொன்னது இதைத்தான். தீவிரக் கண்காணிப்பில் இருந்தவர்களில் ஓராண்டுக்குள் கைதானவர்கள் 37 சதவீதம், வழக்கமான கண்காணிப்பில் 33. பெரிய வித்தியாசம் இல்லை. விதிமீறலிலோ 65க்கு 38. உற்றுப் பார்க்கப் பார்க்கத் தவறு கண்ணில் படும், அவ்வளவுதான். மறுபக்கமும் உண்டு: அதிகாரிகள் விதிமீறல்களை எழுதுவதை நிறுத்தினால் எண் தானாகவே இறங்கும், அதனால் குற்றம் குறைந்ததாக ஆகாது. எனவே புதுக் கைது, புதுத் தண்டனை, விதிமீறல், அதற்கு அதிகாரி எடுத்த முடிவு, நான்கையும் அட்டவணையில் தனித்தனிக் கட்டத்தில் எழுதுங்கள்.

எத்தனை நாள் பார்க்கிறீர்கள் என்பதும் முக்கியம். 30 மாநிலங்களில் 2005ல் விடுதலையானவர்களைத் தொடர்ந்து பார்த்ததில் முதல் ஆண்டில் 44 சதவீதம் பேர் கைதாகியிருந்தார்கள், மூன்று ஆண்டுகளில் 68, ஒன்பது ஆண்டுகளில் 83. ஓராண்டு எண்ணை இன்னொரு திட்டத்தின் மூன்றாண்டு எண்ணோடு ஒப்பிடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

அப்புறம், ஆளை எண்ணுவதா, குற்றத்தை எண்ணுவதா? இங்கிலாந்து, வேல்ஸில் கண்காணிப்பின் ஒரு பகுதியைத் தனியார் நிறுவனங்களிடம் கொடுத்த பிறகு, 2019ல் தேசியத் தணிக்கை அலுவலகம் பார்த்தது. 2011 முதல் 2017 மார்ச் வரை மீண்டும் குற்றம் செய்தவர்களின் விகிதம் 2.5 புள்ளி குறைந்திருந்தது. ஆனால் அப்படிச் செய்தவர் ஒருவர் சராசரியாகச் செய்த குற்றங்கள் 22 சதவீதம் கூடியிருந்தன. முதல் எண்ணை மட்டும் பார்த்தால் நிம்மதியாகத் தூங்கியிருக்கலாம்.

முடித்தவர்களை மட்டும் எண்ணுவது இன்னொரு வழக்கம். 100 பேர் சேர்ந்தார்கள், 60 பேர் முடித்தார்கள், அதில் 12 பேர் கைது என்று வையுங்கள். 20 சதவீதம்தான், அருமை! பாதியில் விட்ட 40 பேரில் 24 பேர் கைதானதையும் சேர்த்தால் 36 சதவீதம். சேர்ந்த அத்தனை பேரும் கணக்கில் வர வேண்டும்.

ஓரிடத்து வெற்றியையும் அப்படியே நம்ப முடியாது. ஹவாயியில் 2004ல் நீதிபதி ஸ்டீவன் ஆல்ம் தொடங்கிய ‘ஹோப்’ திட்டத்தில், விதியை மீறினால் உடனே, ஆனால் சில நாள் மட்டும் சிறை. 2009 ஆய்வில் புதுக் கைது 55 சதவீதம் குறைந்திருந்தது. அதையே அர்கான்சா, மாசசூசெட்ஸ், ஆரெகன், டெக்சஸில் செய்து பார்த்தார்கள். 2016ல் வந்த முடிவில், மொத்தத்தில் வழக்கமான கண்காணிப்பைவிடக் கைதுகள் குறையவில்லை.

சரி, பணம். கலிபோர்னியாவில் 2022-23ல் ஒரு கைதிக்கு ஆண்டுச் செலவு சுமார் 1.3 லட்சம் டாலர். 100 பேர் சிறைக்குப் போகாமல் தடுத்தோம், எனவே 1.3 கோடி டாலர் மிச்சம் என்று எழுதிவிடுகிறார்கள். அந்த 100 பேர் பல சிறைகளில் அங்கொருவர் இங்கொருவராகக் குறைந்தால் என்ன ஆகும்? அதே கட்டடம், அதே காவலர்கள், மூன்று ஷிப்ட், இரவெல்லாம் விளக்கு. குறைவது சாப்பாடு, துணி, கொஞ்சம் மருந்து. ஒரு பிளாக்கையே மூடி, காவலர் பணியிடங்களைக் குறைத்தால்தான் பெரிய தொகை கைக்கு வரும். சராசரிச் செலவால் பெருக்கி வந்த மிச்சம் எந்த பட்ஜெட்டிலும் கண்ணில் படாது. அடுத்த ஆண்டு நல்ல திட்டத்துக்கும் நிதி வெட்டு விழும். என்னை மிகவும் வருத்தும் விஷயம் இதுதான்.

செலவு இடம் மாறுவதையும் கவனியுங்கள். 2011 அக்டோபர் முதல் கலிபோர்னியாவில் பரோல் விதியை மீறுகிறவர்களில் பெரும்பாலோரை மாநிலச் சிறைக்கு அனுப்பாமல் கவுண்டிச் சிறையிலேயே (கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி) வைத்தார்கள். மாநிலக் கணக்கில் செலவு குறைவு, கவுண்டிக் கணக்கில் கூடுதல். இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். கண்காணிப்பில் இருப்பவரின் கணக்கும் ஒன்று உண்டு. பல மாநிலங்களில் மாதாமாதம் கண்காணிப்புக் கட்டணம், காலில் மாட்டும் ஜிபிஎஸ் கருவிக்குத் தனிக் கட்டணம் என்று அவரிடமே வாங்குகிறார்கள். துறை அதை வரவாக எழுதுகிறது. நம் கிடங்குக்காரர் கட்டத் தவறினால், பல இடங்களில் அதுவும் ஒரு விதிமீறலாகவே பதிவாகும்.